வாசிகசாலையில் ஒரு மத்தியஸ்தர்

புத்தகம் வாசிக்கிறவருக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ஊர்காவற்றுறையில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கலாம். ஊரில் அதை யாரும் கண்டதில்லை. பெரியவர்கள், சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் விசில் அண்ணை. அவருடைய மனைவியே வீட்டுப் படலையில் நின்றுகொண்டு, "விசில் இப்பத்தான் சந்தைப் பக்கம் போனது" என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

தீவுப்பகுதியில் எங்கே உதைபந்தாட்டம் நடந்தாலும் மத்தியஸ்தர் அவர்தான். பந்துக்கு முன்னால் அவர் ஓடுவார். அடிதடி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஆட்டங்களுக்கு வேறு யாரும் வரச் சம்மதிக்கமாட்டார்கள். அவர் தலையைச் சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் வலது முழங்கால் மடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி ஓடக்கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அட்டைகள் சட்டைப்பையில் இருந்தன, விசில் கழுத்தில் தொங்கியது. ஓடுவதற்கு மட்டும் மைதானம் இல்லை.

அப்போது நான் அங்கே வாசிகசாலைப் பொறுப்பாளர். வேலணையில் வீடு, காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவேன். வாசிகசாலை என்று பெயர் இருந்ததே தவிர, வருகிறவர்கள் பத்திரிகையில் மரண அறிவித்தல்களைப் பார்த்துவிட்டு, காற்றாடிக்குக் கீழே கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தக் காற்றாடிக்கு நேர் கீழே இருந்த கதிரை பழைய கிராம அதிகாரியான விதானையாருக்கு உரியது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அலுமாரிகளில் நல்ல புத்தகங்கள் இருந்தன. அவற்றைத் தொட்டது நானும் கரையானும்தான்.

விசில் அண்ணை விளையாட்டுப் பக்கம் பார்க்க வருவார். ஒரு மழைநாளில் பத்திரிகை வரவில்லை. மழையில் வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. "பத்திரிகை இல்லாட்டி இதென்ன வாசிகசாலை?" என்று என்னைப் பேசிவிட்டு, கைக்கு எட்டிய புத்தகத்தை இழுத்தார். பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் குதிரைவண்டி ஓட்டும் குடும்பம் ஒன்றைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவல். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தொடங்கினார். மழை விட்டது, அவர் எழும்பவில்லை. மறுநாள் நான் கதவைத் திறக்க முன்னரே வாசலில் நின்றார். அதற்கு அடுத்த நாள் மத்தியானம், வாசிகசாலை முழுவதும் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கடைசிப் பக்கத்தை மூடி, விசிலை வாயில் வைத்து, ஆட்டம் முடிந்ததற்கு ஊதுகிற நீண்ட ஊதல் ஒன்றை ஊதினார்.

விதானையார் கதிரையோடு சரிந்தார். நான் கையில் இருந்த தேத்தண்ணீரை மேசையில் கொட்டிவிட்டேன்.

"அண்ணை! என்ன வேலை இது?"

அவர் கண்கள் கலங்கி இருந்தன. ஆனால் குரலில் இருந்தது கோபம்.

"பிள்ளை, இப்பிடி ஒரு சாமான் இதுக்குள்ள கிடக்கெண்டு ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை? இவ்வளவு வயசுக்கும் என்னைப் பேய்க்காட்டிப் போட்டியளே!"

தனக்குச் சொல்லாமல் விட்ட குற்றத்துக்காக ஊர் முழுவதையும் வாசிக்க வைக்கிறது என்று அவர் முடிவெடுத்தார். வாசிப்பை ஊக்குவிக்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். இரண்டு அணி பிரித்தார். கடற்றொழில் செய்பவர்களும் மீன் விற்பவர்களும் கடற்கரை அணி. கந்தோர் உத்தியோகத்தர், கடைக்காரர், தோட்டக்காரர் எல்லாம் றோட்டு அணி. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள்தான் கடைசி நாள். ஆளுக்கு மூன்று புத்தகம்: ஒன்று தடித்தது, மத்தியஸ்தர் தெரிந்தெடுத்துத் தருவது, இன்னொன்று தாய்தகப்பன் பிறக்க முன்னர் எழுதியது, மற்றது எதிரணிக்காரர் தெரிந்தெடுத்துத் தருவது. கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தால் ஓஃப்சைட். பக்கம் தாண்டினால் மஞ்சள் அட்டை. கதையை மற்றவருக்குச் சொன்னால் பவுல்.

"அண்ணை, இது உதைபந்தாட்டம் இல்லை" என்றேன்.

"அதுதான் பிள்ளை இவ்வளவு நாளும் ஒருத்தரும் வரேல்லை" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. றோட்டு அணிக்குத் தோற்கக்கூடாது என்பதற்காகக் கடற்கரை வந்தது. கடற்கரைக்குத் தோற்றால் வெளியில் தலைகாட்ட ஏலாது என்று றோட்டும் வந்தது. எதிரணிக்காரருக்குப் புத்தகம் தெரிந்தெடுக்கிறபோது எவ்வளவு வன்மம்! பனங்கொட்டை விலை பேசுவது போல ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்து, ஆகப் பாரமானதைக் கொடுப்பார்கள். அதிலும் ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. எதிரியைக் கொல்வதற்கென்று கொடுத்த புத்தகம் எதிரிக்குப் பிடித்துப்போய்விடும். பிறகு, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கொடுத்தவரே எடுத்துப்போவார். வலை தைக்கிற இடத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். காதால் கேட்டது கணக்கில் வருமா என்பதில் பெரிய வழக்கு நடந்தது.

மீன் விற்கிற அக்கா ஒருவர் ஒருநாள் பையோடு உள்ளே வந்தார்.

"விசிலண்ணை, அந்தப் பெட்டை கடைசியில ஆரைக் கட்டுறாள்? அதை மட்டும் சொல்லுங்கோ. இல்லாட்டி எனக்கு நித்திரை வராது." பையிலிருந்து இரண்டு ஒட்டி மீன் மேசைக்கு வந்தது.

"கைலஞ்சம்!" என்று விசில் அண்ணை மஞ்சள் அட்டையை நீட்டினார். மீனைத் திருப்பிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

விதானையாரின் கதை வேறு. தடித்த நாவல் ஒன்றின் கதையை மூன்றாம் நாளே வந்து ஒப்புவித்தார். பெயர், ஊர், உறவுமுறை ஒன்றும் பிழையில்லை. விசில் அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நல்லது. எந்த இடத்தில உங்களுக்குக் கோவம் வந்தது?"

"கோவமோ? கதை வாசிக்க எனக்கேன் கோவம்?"

"அவன் அந்த நாயை அடிக்கேக்கையும் வரேல்லையோ?"

விதானையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த நாய்?"

சிவப்பு அட்டை மேலே போனது. போனில் யாரோ கதைச்சுருக்கம் சொல்லும் காணொளியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் மனிதர். "விதானை வேலை பாத்த எனக்கோ அட்டை காட்டுறாய்?" என்று கத்தி, குடையையும் மறந்து போய்விட்டார். இரண்டு கிழமை ஆளைக் காணவில்லை. பிறகு ஒருநாள் காலை, நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது வந்து கதவைப் பிடித்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது.

"அவன் அந்த நாயை அடிச்சிருக்கக் கூடாது" என்றார்.

விசில் அண்ணை காற்றாடிக்குக் கீழே கதிரையை இழுத்து வைத்தார்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியவை. யூட்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

யூட் கடற்கரை அணி. முப்பது வயது இருக்கும், கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கோல் காப்பாளராக விளையாடிய காலத்தில் விசில் அண்ணை அவனை ஓர் இறுதி ஆட்டத்தில் வெளியேற்றியிருந்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் கதை பேச்சு இல்லை. அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் போட்டிக்கே வந்தான். விசில் அண்ணையும் விடவில்லை. அலுமாரியிலேயே ஆகத் தடித்த புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தார். அட்டை போய், பழுப்புத் தாள் ஒட்டித் தைத்த பழைய நாவல். ஒரு மீனவக் குடும்பத்தின் கதை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அவரும் அதை வாசித்திருக்கவில்லை.

யூட் வாயசைத்து வாசிக்கிறவன், மெதுவாகத்தான் போவான். முதல் இரண்டு புத்தகமும் முடிந்து, மார்கழி பிறந்தபோது தடித்த புத்தகத்தில் பாதி கிடந்தது. "கடைசி நாள் கடைசி நாள்தான்" என்று விசில் அண்ணை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு விடியற்காலை, யூட் கடலுக்குப் போகவேண்டிய முறை. புத்தகத்தை முடித்துவிடலாம் என்று அன்றைக்கு நின்றுவிட்டான். அவனுக்குப் பதிலாக அவனுடைய தம்பி போனான். வாடைக்காற்று நினைத்ததை விட முந்திக்கொண்டது. மற்ற வள்ளங்கள் திரும்பின. அந்த வள்ளம் வரவில்லை. தம்பியை அனலைதீவுக் கரையில்தான் எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சேமக்காலைக்கு வெளியே நின்றபோது, யூட் விசில் அண்ணையிடம் வந்தான். கையில் அந்தப் புத்தகம் இருந்தது. அவன் சத்தம் போட்டிருந்தால் நல்லது என்று அப்போது நினைத்தேன். போடவில்லை.

"இதை வைச்சிருங்கோ, அண்ணை. இதிலையும் தம்பிக்காரன்தான் கடலில போறான். அந்த இடத்தை வாசிச்சுக்கொண்டு இருக்கேக்கதான் எனக்குப் போன் வந்தது."

கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாளே போட்டி நின்றது. புள்ளிகள் எழுதிய பலகையை விசில் அண்ணை தானே கழற்றி அலுமாரிக்குப் பின்னால் சாத்தினார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்தப் புத்தகத்தை ஊரில் சிலர் சாவுப் புத்தகம் என்று பேசினார்கள். எரித்துவிடச் சொல்லியும் ஒருவர் வந்தார். விசில் அண்ணை அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"கடல் கொண்டுபோனதுக்கு நீங்கள் என்ன செய்யிறது, அண்ணை?" என்று கேட்டேன்.

"கடைசி நாள் வைச்சது கடலில்லை, பிள்ளை. நான்." பக்கத்தைத் திருப்பினார். "என்ன கிடக்கெண்டு பாக்காமல் குடுத்திட்டன். இப்ப அவன் பாதியில தனிய நிக்கிறான்."

யூட் வீட்டில் இருப்பதில்லை என்று கேள்விப்பட்டோம். கடலுக்கும் போவதில்லை. விடிந்தால் கரையில் மீனவர் தங்குகிற வாடிக்குப் போய், கிடுகு மறைப்புக்குள் இருந்துவிட்டு, தாய் படுத்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவானாம். தாய் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே தள்ளி வைக்கிறாராம். விசில் அண்ணை பின்னேரங்களில் நொண்டி நொண்டி அந்த வாடிக்குப் போவார். யூட் அவரை வா என்றும் சொல்லமாட்டான், போ என்றும் சொல்லமாட்டான். ஒரு வசனத்தை முடிக்க முன்னர் மூன்று வசனம் தொடங்குகிற மனிதர், கவிழ்த்த வள்ளம் ஒன்றின் மேல் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வருவார்.

"என்ன கதைச்சியள்?" என்று கேட்பேன்.

"ஒண்டும் கதைக்கேல்லை."

"பிறகேன் போறியள்?"

"போகாமல் இருக்க ஏலாது, பிள்ளை."

தை மாதத்தில் ஒருநாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே நானும் விசில் அண்ணையும் மட்டும் இருந்தோம். யூட் வாசலில் வந்து நின்றான். மெலிந்து போயிருந்தான்; கதவு நிலையில் இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது.

"அந்தப் புத்தகம் வாசிச்சு முடிச்சிட்டியளோ, அண்ணை?"

"ஓம்."

"மிச்சத்தில என்ன நடக்குது? அந்தத் தமையன்காரன் என்ன செய்யிறான்?"

கதையை மற்றவருக்குச் சொல்வதைக் கொலைக்குற்றமாக நினைத்த மனிதர், ஒரு கணமும் யோசிக்காமல் எழும்பினார்.

"வா, இரு. முழுக்கச் சொல்லுறன்."

யூட் அவரைப் பார்த்தான். மேசையில் கிடந்த பழுப்புத் தாள் அட்டையைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றான் கடைசியில். "தாங்கோ. நான் வாசிக்கிறன்."

மூலையில் இருந்த வாங்கில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். விசில் அண்ணை என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கதவைப் பாதி சாத்தி, அதன் முன்னால் நின்றார். சற்று நேரத்தில் விதானையார் குடையோடு வந்தார்.

"இண்டைக்குப் பூட்டு" என்றார் விசில் அண்ணை.

"உள்ள லைற் எரியுது?"

"எரியட்டும்."

விதானையார் எட்டிப் பார்த்தார். அந்த முதுகைக் கண்டார். குடையை மடக்கி, விறாந்தைக் கட்டின் மேல் மெல்ல இருந்தார். மீன் விற்கிற அக்கா வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கடகத்தை இறக்கி வைத்துவிட்டு அவரும் இருந்தார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். கடற்கரையும் றோட்டும் ஒரே விறாந்தையில், ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே அவன் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. சில வேளை வெகுநேரம் கேட்காமல் இருக்கும். அப்போதெல்லாம் விசில் அண்ணை கதவுப் பக்கம் தலையைச் சாய்ப்பார். நான் போகிற பஸ் வந்தது, போனது. நான் எழும்பவில்லை.

பொழுது மங்குகிற நேரத்தில் யூட் வெளியே வந்தான். அத்தனை பேரைக் கண்டு திகைத்தான். ஆனால் பேசியது விசில் அண்ணையோடுதான்.

"கடைசியில அந்தத் தாய் ஒரு துண்டுப் பாண் எடுத்துத் தின்னுறா, அண்ணை."

"ஓம் ஓம். தின்னுறா."

"அவன் சொல்லித் தின்னேல்லை. அவன் ஒண்டும் சொல்லேல்லை. முன்னால போய் இருக்கிறான், அவ்வளவுதான்." கதவு நிலையில் கை வைத்தான். "நான் அம்மாவின்ரை முகத்தைப் பாக்கிறேல்லை, அண்ணை. எனக்குப் பதிலாத்தான் அவன் போனவன் எண்டு அம்மாவுக்குத் தெரியாது. ஊரும் சொல்லேல்லை, நானும் இன்னும் சொல்லேல்லை."

அவன் தூறலுக்குள் இறங்கி நடந்தான். வாடிப் பக்கம் அல்ல, வீட்டுப் பக்கம்.

விசில் அண்ணை உள்ளே போய் அந்த வாங்கில் இருந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

"பிள்ளை, நானும் இதைத்தானே வாசிச்சனான்? அவ பாண் தின்னுறது எனக்குத் தெரியும். அவன் முன்னால போய் இருந்ததாலைதான் தின்னுறா எண்டது எனக்குப் படவேயில்லை." முதற் பக்கத்துக்குத் திருப்பினார். "இன்னொருக்கா வாசிக்கவேணும்."

மறுநாள் காலை யூட் வந்து சொன்னது இது. தாயின் முன்னால் போய் இருந்தானாம். எல்லாவற்றையும் சொன்னானாம், கடைசி நாளையும் புத்தகத்தையும் கூட. தாய் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு அவனுடைய தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, "நீயும் போயிருந்தா நான் ரெண்டு பேரையும் எல்லோ தாட்டிருப்பன்" என்றாராம். அதற்குப் பிறகு, அவன் வார்த்துக் கொடுத்த கஞ்சியில் கொஞ்சம் குடித்தாராம்.

விசில் அண்ணை எழும்பி அலுமாரிக்குப் பின்னால் போனார். புள்ளிப் பலகையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். நெடுநேரம் வெளியே வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

யூட் பங்குனியில் கடலுக்குப் போனான். போட்டியில் வென்றது யார் என்று இன்றைக்கும் இரண்டு அணியும் சொந்தம் கொண்டாடுகின்றன; மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். கடைசி நாள் என்று ஒன்று இனி இல்லை என்பது மட்டும் அவருடைய தீர்ப்பு. வாசிப்பு நிற்கவில்லை. அந்தப் பழுப்புத் தாள் புத்தகம் கைமாறிக் கைமாறி மூன்று முறை தையல் பிரிந்தது. மூன்று முறையும் யூட் வலை தைக்கும் நூலால் தைத்துக் கொடுத்தான்.

பிறகு எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. கடைசி நாள் மாலை விசில் அண்ணை பஸ் தரிப்பிடத்துக்கு வந்தார். ஒடியல், பனாட்டு, கருவாடு என்று ஒரு பையில் அடைத்து என் மடியில் வைத்தார். நனைந்துவிடும், யன்னலைச் சாத்தும் என்றார். சாரதியிடம் போய், பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னார். நடத்துநரிடம் போய், என்னை இறக்குகிற இடத்தை இரண்டு முறை சொன்னார். அந்த இடம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த இடம். பஸ் நகர்ந்த பிறகும், டொக்டர் ஓடக்கூடாது என்று சொன்ன காலோடு கொஞ்சத் தூரம் கூடவே வந்தார்.

பக்கத்தில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தகப்பனோ, பிள்ளை?" என்று கேட்டார்.

விளக்கிச் சொல்ல வேலணை போய்ச் சேரும் வரை நேரம் இருந்தது.

"ஓம்" என்றேன்.